மென்பொருட் பொதிகளும் கட்டளை வரியும்

கணிப்பொறியில் ஒரு மென்பொருளை நிறுவுவதற்குச் சாளரத்தில் ஒரு பொத்தானை அழுத்தினாற் போதாதா, கட்டளைகளை ஏன் கற்கவேண்டும் என்று வினவுவோர் பலர். அவ்வினா நியாயமானதே. ஆயினும் லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்தும் பள்ளிகளும் கள நிலையங்களும் கட்டளை வரியையே மேற்கொள்ளவேண்டும் என்பது எமது கருத்து.

எந்த மென்பொருளும் தனித்து இயங்குவதன்று. பிற பொதிகளைச் சார்ந்தே நிற்பது. அச்சார்புகளைக் கணக்கிட்டு, வேண்டுவனவற்றை ஒருசேர நிறுவும் 'ஏபிடி' என்னும் கருவி, 1999ஆம் ஆண்டில் டெபியன் 2.1 பதிப்புடன் வெளிவந்தது. நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளமும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. 'ஏபிடி அப்டேட்' என்னும் கட்டளை பொதிகளின் பட்டியலை மட்டுமே புதுப்பிக்கும். 'ஏபிடி அப்கிரேடு' என்பதே பொதிகளைப் புதுப்பிக்கும். முன்னதோடு நின்றுவிட்டால் பழைய குறைகள் அப்படியே இருக்கும். ஒரு பொதியை நீக்க முற்படுங்கால், அதனோடு நீங்கவிருக்கும் பிற பொதிகளையும் இக்கருவி முன்கூட்டியே காட்டி இசைவு கேட்கும். அப்பட்டியலைப் படியாது இசைவளித்தல் பெருந்தவறு. ஒன்றை நீக்கப்போய்ப் பலவற்றை இழக்க நேரிடும்.

2024ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், 'எக்ஸ்இசட்' என்னும் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் தீய நிரல் மறைந்திருந்தமை வெளிப்பட்டது. டெபியனின் சோதனைக் கிளைகளில் அவை புகுந்திருந்தன. நிலைப் பதிப்பிலோ புகவில்லை. அத்தகைய வேளையில் "நம் பொறியில் உள்ள பதிப்பு எது?" என்பதே முதற் கேள்வி. 'டிபிகேஜி' என்னும் கருவி ஒரே கட்டளையில் அதற்கு விடை தரும். பொதிகளை நிறுவியதும் நீக்கியதும் ஏபிடியின் வரலாற்றுக் கோப்பில் நாள், நேரத்துடன் பதிவாகியிருக்கும்.

கட்டளைக்கு மற்றுமொரு சிறப்புண்டு. அதனைக் குறிப்பேட்டில் எழுதிவைக்கலாம். தொலைவிலுள்ள நிலையத்தாருக்குத் தொலைபேசியில் சொல்லலாம். இருபது பொறிகளிலும் பிழையின்றி அவ்வாறே செய்யலாம். சாளரத்தில் எங்கே அழுத்துவது என்று விளக்குவது அத்துணை எளிதன்று. இணைய இணைப்பில்லா இடங்களிலும், 'ஏபிடி-ஆஃப்லைன்' என்னும் கருவியின் துணைகொண்டு பொதிகளைப் பிறிதோரிடத்தில் இறக்கி எடுத்துச் செல்லலாம்.

எனவே ஒவ்வொரு நிலையமும் பொறுப்பாளர் ஒருவரை அமர்த்தி, வாரத்தில் ஒரு நாளைப் புதுப்பித்தலுக்கென ஒதுக்குதல் வேண்டும். நிலைப் பதிப்பையே கொள்க. அறியாத தளங்களினின்றும் பொதிகளை இறக்காதொழிக. ஆசிரியர்கள் இதனை மாணவர் முன்னிலையிலேயே செய்வாராயின், தம் பொறியில் என்ன இருக்கிறது என்பதை அறிந்து பயன்படுத்தும் பழக்கம் இளமையிலேயே வேரூன்றும்.