சூப்பும் சிக்கனமும்

சிக்கனத்திற்குச் சூப்பு நல்ல வழிதான், மறுப்பாரில்லை. ஒரு பிடி தானியம் அடுப்பில் நெடுநேரம் வெந்தால் நால்வர் வயிறு நிறையும். ஆனால் வயிறு நிறைவது வேறு, உடல் வளர்வது வேறு.

இதில் அறிஞரும் தவறியதுண்டு. 1790-இல் மியூனிக் நகரத்து ஏழைகளுக்கு உணவளிக்கும் பொறுப்பு, பின்னாளில் ரம்போர்டு பிரபு எனப்பட்ட பெஞ்சமின் தாம்சனிடம் இருந்தது. (பீரங்கி குடையும்போது எழும் வெப்பத்தைப் பற்றி இயற்பியல் மாணவர்கள் படிப்பது இவரது ஆய்வைத்தான்.) பார்லியையும் பட்டாணியையும் மெதுவாக வேகவைத்து, பின்னர் உருளைக்கிழங்கும் சேர்த்து, காடி ஊற்றி, ரொட்டித் துண்டுகளுடன் வழங்கினார். செலவோ மிகக் குறைவு. சூப்பு கெட்டிப்பட்டதைக் கண்டு, தண்ணீரே உணவாகிறது என்று எண்ணிவிட்டார்! கெட்டியாக்கியது பார்லியின் மாவுச்சத்து.

தண்ணீரை நம்பும் பழக்கம் எங்கள் ஊரிலும் உண்டு. வெந்த கொள்ளை உழவு மாட்டுக்கு வைத்துவிட்டு, வடித்த நீரில் நாங்கள் இரசம் வைத்தோம். மணமும் சுவையும் எங்களுக்கு. புரதத்தில் பெரும்பகுதி மாட்டுக்கு. மாட்டின்மேல் எனக்குப் பொறாமையில்லை. ஆனால் இரண்டு கைப்பிடிக் கொள்ளை அம்மியில் அரைத்து அந்த இரசத்திலேயே கரைத்திருந்தால் எவ்வளவு காசு கூடியிருக்கும்? முருங்கைக்கீரைச் சூப்பை வடிகட்டிவிட்டுக் கீரையை எறிபவர்களையும் கண்டிருக்கிறேன். வேலியில் இலவசமாகக் கிடைப்பதை எறிய என்ன அவசரமோ!

விடுதியில் உண்போருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆள் கூடினால் இரசத்தில் முதலில் கூடுவது தண்ணீர். அதைச் சிக்கனம் என்றும் சொல்லிக்கொள்கிறார்கள். இரவு இரசத்திலேனும் பருப்பை மசித்துப் போடும்படி, அடுத்த முறை உணவுக்குழு கூடும்போது கேட்கலாமென்றிருக்கிறேன்.