வாளுக்குக் காசும் கொடோம், மௌனமும் கொடோம்!

தோழர்களே! மானிப்பாய், சுதுமலை, ஆனைக்கோட்டை, நவாலி, சண்டிலிப்பாய் வாழ் உறவுகளே!

வாடகைக்கு இருந்தவர் வீட்டை விட்டுப் போய் மாதங்கள் ஆகிவிட்டன. அவரைத் தேடி வருகிறவர்கள் மட்டும் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள். முகத்தைத் துணியால் கட்டி, இலக்கத் தகட்டை மறைத்து, இரவில் மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள். கேற்றை வாளால் கொத்துகிறார்கள். யன்னல் கண்ணாடிகளை அடித்து நொறுக்குகிறார்கள். முற்றத்தில் நிற்கும் வாகனத்துக்குப் பெற்றோல் ஊற்றிக் கொளுத்துகிறார்கள். உள்ளே இருப்பது யார்? பிள்ளைகளைக் கனடாவுக்கும் லண்டனுக்கும் அனுப்பிவிட்டு வளவைக் காத்துக் கிடக்கும் ஒரு முதிய தாய். அல்லது போன கிழமை குடிவந்த, ஒன்றும் அறியாத ஒரு குடும்பம். இன்னும் சில வீடுகளில், ஆளை அனுப்புகிறவரே பழைய குடியிருப்பாளர்தான். நிலுவை வாடகையைக் கேட்டதற்கும் முற்பணத்தில் கழித்ததற்கும் பழி தீர்க்கிறார்.

விடிந்ததும் நாங்கள் என்ன செய்கிறோம்? கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளுகிறோம். "ஏன் வீண் வில்லங்கம், திரும்பவும் வருவாங்கள்" என்று படலையைச் சாத்துகிறோம். அயலவரோ, "அது அவையின்ர பிரச்சினை" என்று மதிலுக்கு இந்தப் பக்கம் நிற்கிறார். அவர்கள் திரும்பவும் வருவதற்கு இதைவிட வேறு அழைப்பு வேண்டுமா?

இந்த வாள்களை நாங்கள் பத்து வருடங்களுக்கு மேலாகப் பார்த்து வருகிறோம். ஆவா குழு என்றார்கள், பிறகு வேறு வேறு பெயர்கள் சொன்னார்கள். 2017 ஜூலையில் கொக்குவிலில் பொலிஸாரையே நடுவீதியில் வெட்டினார்கள். 2019 ஜூலையில் எங்கள் மானிப்பாயில் பொலிஸார் சுட்டதில் ஓர் இளைஞர் உயிரிழந்தார். கைதும் பிணையும் மறுபடி கைதுமாகக் காலம் போகிறது. துப்பாக்கிச் சூடும் இதைத் தீர்க்கவில்லை. இந்தக் குழுக்களுக்குச் சோறு போடுவது இரண்டு: யாரோ அனுப்பும் காசு, நாங்கள் காக்கும் மௌனம்.

முதலில் காசைப் பேசுவோம். கசப்பாக இருந்தாலும் பேசுவோம். காணித் தகராறு, காதல் தகராறு, கொடுக்கல் வாங்கல் எல்லாவற்றுக்கும் இன்று ஆள் பிடிக்கிறார்கள். வீட்டுக்காரரும் இதற்கு விலக்கல்ல. வெளியேறாத குடியிருப்பாளரை எழுப்ப, "நாலு பெடியளை அனுப்பி வெருட்டி விடு" என்று கடல் கடந்து தொலைபேசியில் சொல்பவர் எங்கள் சொந்தக்காரராகவும் இருக்கலாம். அன்று அவருக்காகப் போன அதே பெடியள் நாளை அவருடைய தாயாரின் கேற்றைக் கொத்துவார்கள். வாளுக்கு வீட்டுக்காரர், குடியிருப்பவர் என்ற பேதம் கிடையாது. காசு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

புலம்பெயர்ந்த உறவுகளே, உங்கள் வீட்டை மீட்க வழி இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தை நொத்தாரிசு முன் எழுதுங்கள். குத்தகை முடிந்தும் வெளியேற மறுப்பவரிடமிருந்து வீட்டைச் சுருக்க நடைமுறையில் மீட்க 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் மாவட்ட நீதிமன்றத்துக்கு வழி திறந்திருக்கிறது. உடைமை பற்றிய தகராறு கைகலப்பில் முடியும் என்ற நிலை வந்தால், 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவு இருக்கிறது. பொலிஸார் போகாவிட்டால் சத்தியக் கடதாசியுடன் நீங்களே நீதிமன்றம் போகலாம். பூட்டை மாற்றுவதும் மின்சாரத்தை வெட்டுவதும் ஆள் விட்டு வெருட்டுவதும் வழியல்ல.

இனி மௌனம். தோழர்களே, வாளுக்கு முன்னால் மார்பைக் காட்டும்படி நாங்கள் யாரையும் கேட்கவில்லை. தாக்குதல் நடக்கும்போது வெளியே போகாதீர்கள். ஒழுங்கை முழுதும் விளக்கைப் போடுங்கள், சத்தம் எழுப்புங்கள். ஒரு வீட்டிலிருந்து மட்டுமல்ல, பத்து வீடுகளிலிருந்தும் 119 க்கு அழைப்புப் போகட்டும். வாகனத்தின் நிறம், எண்ணிக்கை, போன திசை எதையாவது குறித்து வையுங்கள்.

விடிந்ததும் கூட்டுமாற்றை எடுக்காதீர்கள். உடைந்ததை உடைந்தபடியே படம் பிடியுங்கள். எரிந்த போத்தலைத் தொடாதீர்கள். சிசிரிவி கமராவில் பதிந்தது அழியும் முன் பிரதி எடுங்கள். பிறகு ஒழுங்கையே சேர்ந்து மானிப்பாய் பொலிஸ் நிலையத்துக்குப் போவோம். தனியாய்ப் போகும் ஒரு கிழவியின் முறைப்பாட்டைப் பிற்போடலாம். விதானையாரும் சனசமூக நிலையத் தலைவரும் அயலவர் இருபது பேரும் கூட நின்றால் பிற்போட முடியாது. "சமாதானமாய்ப் போங்கோ" என்று சொன்னால், அத்துமீறி வீடு புகுந்ததும் தீ வைத்ததும் குற்றம் என்று சொல்லுங்கள். முறைப்பாட்டின் இலக்கத்தைக் கேட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.

பொலிஸார் ஏற்க மறுத்தால் சட்டத்தரணி ஊடாக நீதவானிடம் நேரடியாக முறையிடலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கம் இருக்கிறது. வசதி இல்லாதவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. சாட்சி சொல்லப் பயப்படுகிறவருக்கு, பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சட்டம் ஏட்டில் கிடக்கிறது. அதைக் கேட்டு வாங்க ஒரு கூட்டம் வேண்டும். அந்தக் கூட்டமாக நாங்கள் நிற்போம்.

ஒன்றை மறக்கவேண்டாம். இந்தப் பயத்தில் "இனி வாடகைக்கே விடமாட்டோம், வெளியூர்ச் சனம் வேண்டாம், இளம் பெடியள் உள்ள குடும்பம் வேண்டாம்" என்று கதவை அடைக்கும் குரல்கள் எழும். நாங்களும் ஒரு காலம் ஒதுங்க இடம் தேடியவர்கள்தான். 1995 ஜூலை 9 அன்று நவாலி தேவாலயத்தில் ஒதுங்கியிருந்த இடம்பெயர்ந்த சனத்தின் மீது குண்டு விழுந்தது. அந்த ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் கிளம்பி நடந்தது. அன்று தென்மராட்சியில் எங்களுக்கு விறாந்தையும் மாட்டுக்கொட்டிலும் தந்தவர்கள், எங்கள் ஊரையோ குடும்பத்தையோ விசாரித்துவிட்டா தந்தார்கள்? ஒரு குடியிருப்பாளர் செய்த வினைக்கு எல்லாக் குடியிருப்பாளரையும் சந்தேகிப்பது எங்களுக்கு அழகல்ல. யார் குடிவருகிறார்கள் என்று அறியுங்கள், எழுத்தில் ஒப்பந்தம் செய்யுங்கள், விதானையாரிடம் பதியுங்கள், பிறகு அவர்களை அயலவராக ஏற்றுக்கொள்ளுங்கள். வாள் வரும் இரவில் அகப்படுவது அவர்களும்தான்.

பெற்றோரே, அந்த மோட்டார் சைக்கிளின் பின்னால் இருப்பவன் வேற்று நாட்டுக்காரன் அல்ல. எங்கள் பள்ளிக்கூடங்களில் படித்த பெடியன். உழைப்பில்லாத கையில் திடீரென்று காசும் விலை கூடிய கைத்தொலைபேசியும் எங்கிருந்து வந்தன என்று கேளுங்கள். இன்றைக்கே கேளுங்கள். நீதவான் கேட்கும் நாளில் உங்கள் கேள்விக்குப் பயன் இல்லை.

ஒழுங்கைக்கு ஒரு குழு, வீட்டுக்கு ஓர் ஆள், எல்லார் கையிலும் ஒரே தொலைபேசிப் பட்டியல். வரும் ஞாயிறு பின்னேரம் உங்கள் சனசமூக நிலையத்தில் கூடுங்கள். வீட்டுக்காரரும் வாருங்கள், குடியிருப்பவரும் வாருங்கள், பெண்கள் முன்னால் இருங்கள். தாக்கப்பட்டும் இதுவரை முறையிடாத ஒவ்வொரு வீட்டின் பெயரையும் எழுதுவோம். திங்கள் காலை அந்தப் பட்டியலோடு பொலிஸ் நிலைய வாசலில் நிற்போம்.

வாளுக்குக் காசு கொடுப்பவர் யாராயினும் எங்கள் ஊருக்கு எதிரி! ஒரு வீட்டின் கேற்றைத் தொட்டால் ஊரே முறைப்பாட்டுக்காரர்! எழுந்து வாருங்கள், தோழர்களே!