பகிஷ்காரமும் ஊர்விலக்கும்

பிறமொழிச் சொல் ஒன்று நம்மிடையே வந்து வழங்கத் தொடங்குமாயின், அஃது எங்கே பிறந்தது, யார் யாருக்கு எதிராக அதனை எடுத்தாண்டனர் என்பவற்றை அறிந்த பின்னரே நாம் அதனைக் கைக்கொள்ளல் வேண்டும். அறியாது கைக்கொள்வோமாயின், பிழை சொல்லளவில் நில்லாது, செயலிலும் புகுந்துவிடும். அவ்வாறு புகுந்துவிட்ட சொற்களுள் ஒன்று ‘பாய்காட்’ என்னும் ஆங்கிலச் சொல். பத்திரிகைகள் அதனைப் பகிஷ்காரம் என்றும் புறக்கணிப்பு என்றும் எழுதும். தோட்டத்திலும் பட்டணத்திலும் நம்மவர் ஆங்கிலச் சொல்லையே சொல்லிவிடுவர்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்தில் யாம் கேட்ட செய்தியை இங்கே கூறுதல் பொருந்தும். தோட்டத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டா. அங்கே ஒரு வீட்டுப் பெண் வேறு சாதிப் பிள்ளையை மணந்தாள். மணம் முறைப்படி பதிவு செய்யப்பட்டது. அதன் பின்னர்க் கோயில் தலைவர்கள் கூடி, அவ்வீட்டாரிடம் திருவிழா வரி வாங்குவதில்லை என்று தீர்மானித்தனர். வரி வாங்காவிடின் அர்ச்சனை இல்லை, பிரசாதம் இல்லை, கரகம் அவர்கள் வாசலில் நில்லாது. அடுத்த ஆண்டில் அவ்வீட்டுக் கிழவி இறந்துபோனாள். பாடை தூக்க லயத்திலிருந்து நாலு பேர் வரவில்லை. பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர் ஒருவர் வந்து தோள் கொடுத்தார். மளிகைக்கடைச் சீனர் தம் லாரியைக் கொடுத்தார். எந்த மருமகனுக்காக அவ்வீடு விலக்கப்பட்டதோ அவனே முன்னே நின்று சுமந்தான். இதனை எமக்குச் சொன்ன பெரியவர் வருந்திச் சொல்லவில்லை, பெருமையோடு சொன்னார். “நாங்கள் பாய்காட் செய்துவிட்டோம், ஐயா” என்றார்.

அவர் செய்தது பாய்காட் அன்று. பாய்காட் என்னும் நல்ல பெயரைப் போர்த்துக்கொண்டு வந்த பழைய ஊர்விலக்கு அது. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதே யாம் இங்கே நாட்டப் புகுவது.

சொல் பிறந்த கதையை முதலில் காண்போம். பாய்காட் என்பது ஓர் ஆளின் பெயர். சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட் என்னும் ஆங்கிலேயர், அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் எர்ன் பிரபுவின் நிலங்களுக்கு ஏஜண்டாக இருந்தவர். குத்தகை வசூலிப்பதும், கொடாத குடிகளை நிலத்தைவிட்டு வெளியேற்றுவதும் அவர் வேலை. துரைமார் ஆட்சியை அறிந்த தோட்டத்துக் குடும்பங்களுக்கு இவ்வேலையை விளக்க வேண்டுவதில்லை. விளைவு பொய்த்துக் குடிகள் நொந்திருந்த 1880-ஆம் ஆண்டில், குத்தகையில் நூற்றுக்கு 25 குறைக்குமாறு அவர்கள் கேட்டனர். பிரபு 10-க்கு மேல் இசையவில்லை. செப்டம்பரில் பாய்காட் வெளியேற்ற நோட்டீசுகளை அனுப்பினார்.

அதே மாதம் 19-ந் தேதி, எனிஸ் என்னும் ஊரில், ஐரிஷ் தலைவர் பார்னெல் பேசியிருந்தார். அயலானை வெளியேற்றிப் பறித்த நிலத்தை எவனேனும் குத்தகைக்கு எடுப்பானாயின், அவனைக் கொல்ல வேண்டா. தெருவிலும் கடையிலும் வழிபாட்டிடத்திலும் அவனைத் தனியே விட்டுவிடுங்கள் என்பது அப்பேச்சின் சாரம். மேயோவின் குடியானவர் அம்முறையை ஏஜண்டின் மீதே செலுத்தினர். வேலைக்காரர் வீட்டைவிட்டு நீங்கினர். அறுப்புக்கு ஆளில்லை. கடைக்காரர் சாமான் கொடுக்கவில்லை. துணி வெளுக்க ஒருவரும் வரவில்லை. நவம்பரில் அல்ஸ்டர் மாகாணத்திலிருந்து சுமார் 50 ஆட்கள் அறுவடைக்கு வந்தனர். அவர்களைக் காக்கப் பட்டாளமும் போலீசும் வந்தன. 500 பவுன் பெறுமான விளைவை எடுக்க 10,000 பவுன் செலவாயிற்று என்று அக்காலத்தில் கணக்கிட்டனர். டிசம்பர் முதல் நாள் பாய்காட் அயர்லாந்தைவிட்டே புறப்பட்டார்.

குடியானவர் செய்த இக்காரியத்துக்கு ஆங்கிலத்தில் இருந்த பழஞ்சொல் அவர்கள் வாயில் நுழையாது என்று கருதிய உள்ளூர்ப் பாதிரியார் ஜான் ஓமாலி, அந்த ஆளின் பெயரையே வைத்துவிடலாம் என்றார் என அமெரிக்கப் பத்திரிகையாளர் ரெட்பாத் எழுதியிருக்கிறார். நவம்பருக்குள் லண்டன் ‘டைம்ஸ்’ அச்சொல்லை வழங்கியது. பின்னர்ப் பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன் முதலிய மொழிகளிலும் அது குடிபுகுந்தது. ஒடுக்கியவனின் பெயர் ஒடுக்கப்பட்டவரின் ஆயுதத்துக்குப் பெயராயிற்று.

நிற்க. தமிழில் இது பகிஷ்காரம் ஆன வகையைப் பார்ப்போம். வடமொழியில் ‘பகிஸ்’ என்றால் வெளியே. பகிஷ்காரம் வெளியே தள்ளுதல். சாதிக்கட்டை மீறியவரைச் சாதிக்குப் புறம்பாக்குதற்கு வழங்கிய சொல் அது. கர்சன் பிரபு வங்காளத்தைத் துண்டாடிய 1905-ஆம் ஆண்டில், ஆகஸ்ட் 7-ந் தேதி கல்கத்தா டவுன்ஹால் கூட்டத்தில் பிரிட்டிஷ் சரக்குகளை வாங்குவதில்லை என்று தீர்மானம் செய்தனர். அந்த இயக்கத்தோடு இச்சொல்லும் நாடெங்கும் பரவிற்று. மறு ஆண்டு தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து மக்களை இழுக்க முயன்றது. அந்த மலிவுக்கு இணங்காது நின்ற பிரயாணி செய்தது மெய்யான பகிஷ்காரம். தன் காசை இழந்து அவன் அதனைச் செய்தான்.

ஆனால் அதே சுதேசிக் காலத்தில் மற்றொன்றும் நடந்தது. சீமைத் துணி வாங்கியவனுக்கு நாவிதர் சவரம் செய்யலாகாது, வண்ணார் வெளுக்கலாகாது, புரோகிதர் சடங்கு செய்யலாகாது என்று வங்காளத்தில் பல இடங்களில் கட்டுப்பாடு செய்தனர். சுதேசித் துணிக்கு அதிக விலை கொடுக்க இயலாத ஏழைக் குடியானவரும் சிறு வியாபாரிகளும் ஜமீன்தாரின் கட்டாயத்துக்கு ஆளாயினர். ரவீந்திரநாத் தாகூர் 1916-இல் வெளியிட்ட ‘கரே பாயிரே’ நாவலில் இக்கொடுமையை எடுத்துக்காட்டினார். கர்சனுக்கு எதிராக எடுத்த வாள், அடுத்த வீட்டு ஏழையின் கழுத்தில் இறங்கியது. மேலே தள்ள வேண்டிய சொல், சாதி பழகிய பழைய பள்ளத்திலேயே உருண்டு கீழே வந்துவிட்டது.

இப்பள்ளம் எவ்வளவு ஆழமானது என்பதை அறிய அம்பேத்கர் தம் சங்கத்துக்கும் பத்திரிகைக்கும் இட்ட பெயர்களே போதும். 1924-இல் பம்பாயில் அவர் நிறுவிய சங்கம் ‘பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை’. 1927-இல் தொடங்கிய பத்திரிகை ‘பகிஷ்கிருத பாரத்’. பகிஷ்கரிக்கப்பட்டவரின் சபை, பகிஷ்கரிக்கப்பட்டவரின் பாரதம் என்பது பொருள். ஒரு சாரார் பகிஷ்காரம் என்று முழங்கி லங்காஷயர் துணியைக் கொளுத்தினர். மற்றொரு சாராருக்கோ அச்சொல் பிறவி முதல் உடம்பில் ஏற்ற வடுவாக இருந்தது. கிணற்றிலிருந்தும் கோயிலிலிருந்தும் தெருவிலிருந்தும் வெளியே நிறுத்தப்பட்டவனிடம் சென்று, பகிஷ்காரம் மேலான போராட்ட முறை என்று சொன்னால் அவன் எங்ஙனம் விளங்கிக்கொள்வான்?

நாம் வாழும் நாட்டு மொழியிலும் இச்சிக்கல் உண்டு. மலாய் மொழியில் ‘பூலாவ்’ என்றால் தீவு. அதிலிருந்து பிறந்த ‘மெமூலாவ்கான்’ என்னும் சொல் ஒருவரைத் தீவாக்குதல் என்னும் பொருளது. கடையைப் புறக்கணிப்பதற்கும் அச்சொல். ஓர் ஆளை ஒதுக்கி வைப்பதற்கும் அச்சொல். தீவாக்குதல் என்பது எவ்வளவு பொருத்தமான சொல்! சுற்றிலும் நீர், கரையில் அனைவரும் முதுகு காட்டி நிற்கின்றனர். ஆனால் தீவாக்கப்பட்டவன் துரையா, கூலியா என்பதைச் சொல் சொல்லாது. அதனை நாமே கேட்டறிதல் வேண்டும்.

இங்கே ஒரு தடை எழும். “அயர்லாந்தில் செய்ததும் இதுவேயன்றோ? அங்கும் கடையை நிறுத்தினர், வெளுப்பை நிறுத்தினர், பேச்சை நிறுத்தினர். எங்கள் பாட்டனார் செய்த ஊர்க்கட்டும் அதுதானே?” என்பர் சிலர். செய்முறை ஒன்றே என்பதை யாம் மறுக்கவில்லை. அயர்லாந்திலும் அம்முறை பின்னாளில் நிலக்கிழாரோடு நில்லாது, வறுமையால் பறிமுதல் நிலத்தை எடுத்த சிறு குடியானவனையும் வாட்டியது. அதனையும் யாம் மறைக்கவில்லை. ஆயினும் கத்தி ஒன்றாக இருப்பதால் மருத்துவனும் கொலைஞனும் ஒருவராவரோ? வேறுபாட்டை அறிய மூன்று கேள்விகள் போதும்.

முதலாவது, யார் யார் மீது செலுத்துகின்றனர்? எளியோர் பலர் கூடி வலியோன் ஒருவன் மீது செலுத்துவது புறக்கணிப்பு. வலியோர் பலர் கூடி எளியோன் ஒருவன் மீது செலுத்துவது ஊர்விலக்கு. இரண்டாவது, கோரிக்கை என்ன? மேயோவின் குடிகள் குத்தகையைக் குறைக்கக் கேட்டனர். குறைத்திருந்தால் மறுநாளே வேலைக்குத் திரும்பியிருப்பர். நாம் மேலே சொன்ன தோட்டத்து வீட்டார் என்ன செய்தால் மீளலாம்? மகள் மணந்த மணத்தை மணவாததாக ஆக்குவது எங்ஙனம்? கதவில்லாத சிறை அது. மூன்றாவது, நட்டம் யாருக்கு? புறக்கணிப்பவன் முதலில் தன் கூலியை, தன் வசதியைத் துறக்கின்றான். ஊர்விலக்குச் செய்பவனோ ஒன்றும் இழவான். அவன் தூக்காத பாடையின் பாரம் அவனுக்கில்லை.

இக்கேள்விகளை வைத்து அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தை நோக்குவோம். மான்ட்கமரி நகரப் பஸ்களில் கறுப்பர் பின்னே அமர வேண்டும், வெள்ளையர் வந்தால் எழ வேண்டும் என்பது விதி. 1955 டிசம்பர் 5-ந் தேதி முதல் கறுப்பர் பஸ் ஏறுவதை நிறுத்தினர். 381 நாட்கள் நடந்தும், ஒருவர் காரில் மற்றவர் ஏறியும் வேலைக்குப் போயினர். வீட்டு வேலைக்குச் செல்லும் கிழவிகளும் மழையில் நடந்தனர். நாட்டின் உச்சநீதி மன்றம் அவ்விதி செல்லாதென்று கூற, 1956 டிசம்பரில் மீண்டும் பஸ் ஏறினர். அவர்கள் கோரிக்கை நிறைவேறியது, புறக்கணிப்பும் முடிந்தது. அதே காலத்தில் அதே தென்மாநிலங்களில் ‘வெள்ளைக் குடிமக்கள் கவுன்சில்’ என்னும் சங்கம் 1954 முதல் கிளைத்திருந்தது. உரிமை கேட்ட கறுப்பருக்கு வேலையில்லை, கடனில்லை, வாடகைக்கு வீடில்லை என்பது அதன் முறை. மான்ட்கமரியின் மேயரே அதில் சேர்ந்தார். ஒரே ஊர், ஒரே ஆண்டு. இரண்டையும் ஒரே பெயரால் அழைக்க யாருக்கேனும் நா எழுமோ?

நம் தோட்டங்களும் நல்ல வழியை அறியாதவை அல்ல. 1941-இல் கிள்ளான் வட்டாரத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு, துரையைக் கண்டதும் சைக்கிளைவிட்டு இறங்கும் இழிவு ஒழிய வேண்டும் என்றும், கள்ளுக்கடை மூடப்பட வேண்டும் என்றும் கேட்டனர். யுத்தத்துக்குப் பின், 1946, 1947 ஆண்டுகளில், கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். வேலையை நிறுத்துவது வேலைநிறுத்தம். வாசலில் நின்று தடுப்பது மறியல். வாங்காது விடுவது புறக்கணிப்பு. மூன்றும் வெவ்வேறு, மூன்றையும் நம் பாட்டன்மார் அறிந்திருந்தனர். அவர்தம் பேரர்கள் சொந்த அண்டை வீட்டாரின் சாவுக்குப் போகாதிருப்பதை அவ்வரிசையில் சேர்ப்பது, அம்முன்னோர்க்குச் செய்யும் அவமதிப்பு.

இந்தியாவில் இதனைச் சட்டமே பிரித்துக் காட்டிவிட்டது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் பிறந்தது. 2015-இல் அது திருத்தப்பட்டபோது, அம்மக்கள் மீது சமூகப் புறக்கணிப்போ பொருளாதாரப் புறக்கணிப்போ செய்வதும், செய்வதாக மிரட்டுவதும் குற்றம் என்று எழுதப்பட்டது. அயர்லாந்துக் குடியானவர் உரிமைக்காகப் படைத்த சொல், இந்தியச் சட்டப் புத்தகத்தில் குற்றத்தின் பெயராக நிற்கிறது. சொல் செய்த குற்றமா இது? சாதி அதனைக் கைப்பற்றிச் செய்த குற்றம்.

ஆதலின் யாம் வேண்டுவது இது. துரைக்கும் முதலாளிக்கும் அநீதியான சட்டத்துக்கும் எதிராகக் கூடி, கோரிக்கை வைத்து, நாமே நட்டம் ஏற்று நிற்பதற்குப் புறக்கணிப்பு என்னும் பெயரை வழங்குக. சாதியின் பெயரால், கோயில் வரியின் பெயரால் ஒரு வீட்டை ஒதுக்குவதற்கு ஊர்விலக்கு என்னும் அதன் பழம்பெயரையே வழங்குக. பெயர் மாற்றினால் வெட்கம் போய்விடும். வெட்கம் போகலாகாது என்பதற்காகவே பெயரை மாற்ற வேண்டா என்கிறோம்.

தோட்டத்துக் கோயில் தலைவர்களே, பட்டணத்துச் சங்கத்தார்களே! உங்கள் அடுத்த கூட்டத்தில் எவர் வீட்டையேனும் ‘பாய்காட்’ செய்ய வேண்டும் என்று ஒருவர் எழுந்து சொல்வாராயின், அவரிடம் மேலே கூறிய மூன்று கேள்விகளையும் கேளுங்கள். விடை கூறாது அவர் தடுமாறுவாராயின், வரிப்புத்தகத்தை எடுத்து, விலக்கப்பட்டவரின் பெயரை மீண்டும் எழுதுங்கள். அந்த வீட்டில் இன்னொரு சாவு நேருமுன் அதனைச் செய்யுங்கள்.