கீழே ஜில்லுன்னு, மாடியில் அடுப்பு: ஒரே வீட்டுக்குள் ஏன் இத்தனை வித்தியாசம்?

திற்பரப்பு என்றதும் அருவிதான் ஞாபகத்துக்கு வரும். கோதையாறு, சுற்றிலும் ரப்பர் தோட்டம், வருஷத்துக்கு இரண்டு பருவமழை. இந்த ஊரில் வீட்டுக்குள் வெக்கை தாங்கல என்று யாராவது சொன்னால் சென்னைக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் ஏப்ரல் மாதம், அருவிச் சத்தம் கேட்கிற தூரத்தில் இருக்கும் ஒரு கான்கிரீட் வீட்டின் மாடி அறையில் ராத்திரி பத்து மணிக்குப் படுத்துப் பார்க்கட்டும். ஃபேன் அஞ்சுல ஓடும்; சூடான காத்துதான் இறங்கும். அதே வீட்டில், கீழே கிழக்குப் பக்க அறையில் இருக்கிற பாட்டி, "ஃபேனை ரெண்டுல வை மக்கா" என்பார்.

இதற்கு இப்போது எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்: அந்த ரூமுக்கு ஒரு ஏ.சி. மாட்டிடலாம். சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் மாட்டப்படும் ஏ.சி., சூடான கான்கிரீட்டைக் குளிர வைக்கத்தான் பாதி ராத்திரி ஓடுகிறது. மாடி அறையில் ஏ.சி. "எடுக்கவே மாட்டேங்குது" என்ற புகாரில் மெஷின் மீது தப்பு இருப்பது குறைவு.

கடிகாரத்தைப் பாருங்க

எந்த நேரத்தில் சூடு ஏறுகிறது என்று கவனித்தால், அது எந்த வழியாக வருகிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒரு சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். மதியம் மூன்று, மாலை ஆறு, ராத்திரி பத்து என்று ரெண்டு நாள் ஒவ்வொரு அறையிலும் குறித்து வைத்தால் ஒரு படம் கிடைக்கும்.

வெயில் விழுந்த உடனேயே அறை சூடானால் காரணம் ஜன்னல் கண்ணாடி. மாலை ஐந்து, ஆறு மணிக்கு உச்சத்துக்குப் போனால் மேல்தளம். ஆறு அங்குல கான்கிரீட் தளத்தின் மேல் விழுகிற சூடு, அடிப்பக்கம் வந்து சேரச் சுமார் நாலு மணி நேரம் ஆகும். வாங்கி வைத்ததை ராத்திரி வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருக்கும். மேற்குச் சுவர் இன்னும் மெதுவானது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைத் தாண்ட ஆறு முதல் எட்டு மணி நேரம். நாலு மணி வெயில், எல்லோரும் படுத்த பிறகுதான் உள்ளே வரும். "வெயில் போயும் சூடு போகல" என்று சொல்வது இதைத்தான். சந்தேகமாக இருந்தால் ராத்திரி பத்து மணிக்குச் சுவரையும், ஸ்டூல் போட்டு ஏறி மேல்தளத்தையும் கையால் தொட்டுப் பார்த்தாலே போதும்.

திற்பரப்புக்கு இதில் ஒரு கூடுதல் சங்கதி இருக்கிறது. நிலநடுக்கோட்டிலிருந்து எட்டு டிகிரி சொச்சம் தள்ளி இருக்கிற ஊர் இது. ஏப்ரல் இரண்டாவது வாரம் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அங்கிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் வானத்தின் வடபாதியில்தான் இருக்கும். "வடக்குப் பக்கம் வெயிலே வராது" என்று நம்பிப் பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்தவர்களுக்கு மே மாதச் சாயங்காலம் உண்மையைச் சொல்லிவிடும்.

தென்மேற்கு மூலை கதை இன்னும் சுவாரஸ்யம். கன்னி மூலையில் மாஸ்டர் பெட்ரூம் என்பது இங்கே எழுதாத சட்டம். அந்த அறைக்குத் தெற்கும் மேற்கும் வெளிச்சுவர். டிசம்பரிலிருந்து மார்ச் வரை பிற்பகல் வெயில் சரியாக அந்த இரண்டு சுவர்களில்தான் அடிக்கும். வீட்டிலேயே முதல் ஏ.சி. அந்த அறைக்கு வருவதில் ஆச்சரியமில்லை. வாஸ்துவை மாற்றச் சொல்லி யாரும் கேட்கப்போவதில்லை. அந்தச் சுவருக்கு வெளியே ஒரு நிழல் தரலாமே என்பதுதான் விஷயம்.

இதுவரை அந்த நிழலைப் பல வீடுகளுக்கு இலவசமாகக் கொடுத்தது பக்கத்து விளை ரப்பர். அது மறு நடவுக்காக வெட்டப்பட்டால், கட்டி பத்து வருஷம் ஆன வீடு அந்தக் கோடையில் திடீரென்று கொதிக்கும். வீட்டில் எதுவுமே மாறியிருக்காது. வெட்டாவிட்டாலும், ரப்பர் இலை உதிர்க்கிற தை, மாசியில் அந்த நிழல் பாதிகூடத் தேறாது.

அரண்மனைக்குத் தெரிந்தது

தக்கலை பக்கம் பத்மநாபபுரம் அரண்மனைக்குள் போனவர்களுக்கு, மதியத்திலும் உள்ளே இருக்கிற குளுமை ஞாபகம் இருக்கும். சரிவான ஓட்டுக்கூரை, சுவரைத் தாண்டி வெகுதூரம் இறங்குகிற தாழ்வாரம், வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடுகிற மரச்சட்ட ஜன்னல், நடுவில் திறந்த முற்றங்கள். நாஞ்சில் நாட்டுப் பழைய ஓட்டு வீடுகளிலும் இதன் சின்ன வடிவம் உண்டு. ஓடு சீக்கிரம் சூடாகும், சாயங்காலம் சீக்கிரம் ஆறியும்விடும். நடுவில் மச்சு இருந்தால் மதியச் சூடும் கீழே இறங்காது.

அதுக்காக எல்லோரும் ஓட்டு வீட்டுக்குத் திரும்பணும் என்று எழுதுவது சும்மா பேச்சு. ஓடு மாற்றவும் மரம் பராமரிக்கவும் ஆள் கிடைப்பதில்லை. மழையில் ஒழுகுகிற வீட்டில் வளர்ந்தவர்கள்தான் கான்கிரீட்டை ஆசையாகக் கட்டினார்கள். ஆனால் கான்கிரீட்டோடு சன்ஷேடையும் சேர்த்துத் தூக்கி எறிந்த இப்போதைய 'பாக்ஸ்' டிசைனுக்கு எந்தச் சாக்கும் இல்லை. எலிவேஷன் படத்தில் அழகாகத்தான் இருக்கிறது.

கட்டி முடித்த வீட்டுக்கு என்ன வழி? குமரி மாவட்டமும் கேரளமும் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டன: மொட்டை மாடிக்கு மேல் ஷீட். பெரும்பாலானோர் ஒழுகலுக்காகப் போடுகிறார்கள். சூட்டுக்கும் அதுவே நல்ல மருந்து. தளத்தில் நேர் வெயில் விழாது, இடையில் காற்று ஓடும். கெடுப்பது அதற்கு அடுத்த படிதான். "இவ்வளவு இடம் சும்மா கிடக்கே" என்று நாலு பக்கமும் அடைத்து ஹால் ஆக்கினால், கீழ் அறைக்கு மேலே ஒரு சூளையைக் கட்டியாச்சு என்று அர்த்தம். பக்கங்கள் திறந்திருக்கணும், உச்சியில் சூடு வெளியேற இடைவெளி இருக்கணும், ஷீட் வெளிர் நிறமா இருக்கணும்.

வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை பெயின்ட் இதைவிட மலிவு. தெலங்கானா 2023-ல் இதற்கென்று ஒரு குளிர்கூரைக் கொள்கையே கொண்டுவந்தது. ஆனால் ஹைதராபாத் மாடி வேறு, திற்பரப்பு மாடி வேறு. இரண்டு மழைக்கும் நனைகிற தளத்தில் பாசி பிடித்துக் கறுத்துவிடும். கறுத்த பிறகு பெயின்ட் அடித்த பலன் பெரிதாக இருக்காது. அடிப்பவர்கள், மாசி கடைசியில் வருஷா வருஷம் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று தெரிந்தே அடிக்கட்டும். உள்ளே ஃபால்ஸ் சீலிங் போட்டால் கொஞ்சம் மறைக்கும், ஆனால் மேலே தளம் கொதித்துக்கொண்டேதான் இருக்கும்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு வழி அதிகம். தளத்துக்குள் ஓடுகளைப் பதித்து வார்க்கும் 'ஃபில்லர் ஸ்லாப்' முறையை, பக்கத்துத் திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் பல கட்டடங்களில் செய்து காட்டினார். கான்கிரீட்டும் மிச்சம், சூடும் குறைவு.

விதி இருக்கு, ஆனா உங்களுக்கில்லை

மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2018-ல் 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பை வெளியிட்டது. கூரை வழியாக எவ்வளவு வெப்பம் இறங்கலாம் என்பதற்கு அதில் வரம்பு உண்டு: யு-மதிப்பு 1.2. வெறும் கான்கிரீட் தளத்துக்கு அது 3-க்கும் மேல். குமரி மாதிரி வெப்பமும் ஈரமும் சேர்ந்த பகுதிகளில், திறக்கக்கூடிய ஜன்னல், கதவுப் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அருமையான விஷயம். ஆனால் இது பொருந்துவது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கு, அதாவது பன்னிரண்டு சென்டுக்கு மேல். அஞ்சு சென்ட், ஆறு சென்டில் கடன் வாங்கிக் கட்டுகிற குடும்பம் இதற்குள் வரவே வராது. வீட்டு பிளான் அனுமதியில் பக்கத்து மனைக்கு எத்தனை அடி விட்டீர்கள் என்று கேட்கிற அக்கறையில் கொஞ்சம், கூரைக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்பதிலும் இருந்திருக்கலாம். சின்ன மனைக்கு முழு விதி வேண்டாம். கூரைக்கான அந்த ஒரு வரம்பு மட்டும் போதும்.

இத்தனைக்கும் பிறகும் ஏ.சி. தேவைப்படலாம். இந்த ஈரக்காற்றில் அது பாவம் ஒன்றுமில்லை. 2020 ஜனவரி முதல் ஸ்டார் முத்திரை பெற்ற அறை ஏ.சி.கள் 24 டிகிரியில்தான் ஆன் ஆகும்படி வருகின்றன. நிழல் கிடைத்த அறையில் அந்த 24 போதும். கொதிக்கிற தளத்துக்குக் கீழே 18 வைத்தாலும் போதாது, இரண்டு மாத மின்கட்டணத்தில் அது தெரிந்துவிடும்.

மாடியை வாடகைக்கு எடுத்திருப்பவர்கள்தான் இதில் பாவம். கூரை அவர்களுடையது இல்லை, சூடு அவர்களுடையது. அவர்களால் முடிந்தது: மேற்கு ஜன்னலுக்கு உள்ளே திரை போடாமல் வெளியே மூங்கில் தட்டி தொங்கவிடுவது, கட்டிலை மேற்குச் சுவரிலிருந்து தள்ளிப் போடுவது, வெளிக்காற்று குளிர்ந்த பிறகு ஒரு ஜன்னலைத் திறந்து எதிர்ப்பக்கம் எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட விடுவது. ஷீட் செலவை வாடகையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்ளலாமா என்று வீட்டு ஓனரிடம் கேட்டுப் பார்க்கலாம். ஒழுகலும் நிற்கும் என்று சேர்த்துச் சொன்னால் ஓனர் காது கொடுத்துக் கேட்பார்.