கைகுலுக்கியதற்கு ஆண்டு விழாவா?

சர்க்காரும் சர்க்காரும் கைகுலுக்கிய நாளுக்கெல்லாம் திதி தவறாமல் ஆண்டு விழா நடத்துகின்றார்கள். நடத்தட்டும். ஆனால், ஆரப்பாளையத்தில் கொடைக்கானல் பஸ்ஸுக்கு நிற்கும் தோழர்களை நாம் ஒன்று கேட்கின்றோம். 1964 அக்டோபர் 30-இல் சாஸ்திரியாரும் சிறீமாவோ அம்மையாரும் கையெழுத்திட்ட சங்கதி தெரியுமா? இலங்கையில் குடியுரிமையின்றி நிறுத்தப்பட்ட, பெரும்பாலும் தோட்டக் கூலிகளான தமிழர் 9,75,000 பேரில் இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக் கொள்வதாம்! 1974-இல் அம்மீதியையும் சரிபாதியாக்கினார்கள். ஆட்டுச் சந்தையிலாவது பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். இம்மக்களை ஒரு வார்த்தை கேட்டவர் யார்? மண்டபம் முகாமுக்கு வந்தவர்களில் பலர், நீங்கள் பஸ் ஏறிப் போகும் அதே மலையிலும் நீலகிரியிலும் மறுபடியும் கூலிகளானார்கள். அங்கேயே நாடற்று நின்றவர்களுக்கோ 2003-இல்தான் குடியுரிமைச் சட்டம் வந்தது. விழா மேடையில் இவர்களுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். நாமும் வந்து கைதட்டுகின்றோம்.