பழைய கேமராவுக்கும் நியாயமான சோதனை

மாணவர்களே, பழைய டிஜிட்டல் கேமராக்களை இப்போது உங்களில் சிலர் தேடி வாங்குகிறீர்கள். ‘கைப்பேசிக்கு முன் இது குப்பை’ என்று தீர்ப்பளிக்குமுன் ஒரு கணக்குப் போடுங்கள்.

1999இல் வெளிவந்த நிக்கோன் டி1 எடுக்கும் படம் 2,000 × 1,312 புள்ளிகள் கொண்டது. 6 × 4 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட 1,800 × 1,200 போதும். அந்த வேலைக்கு அது இன்றும் தகுதியானதே. பெரிய சுவரொட்டிக்குப் போதாது. அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

எந்தப் பயன்பாட்டுக்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். காட்சி, வெளிச்சம், அச்சு அளவு ஆகியவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகளாக இருக்கட்டும். நம் ஈரமான வானிலையில் லென்ஸில் பிடித்த பூஞ்சணம் அந்த ஒரு கேமராவின் குறை, தயாரிப்பின் குறையன்று.

வயதைப் பார்த்து மதிப்பெண்ணைக் குறைப்பதும் தவறு. பாசத்தால் கூட்டுவதும் தவறு.