யானையும் குழியானையும்

நகைச்சுவை என்றால் பிறரைப் பார்த்துச் சிரிப்பது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். மலையாள நாவலாசிரியர் வைக்கம் முகம்மது பஷீரோ (1908–1994) தம்மையும் தம்மவரையும் பார்த்துச் சிரித்தவர். அதனாலேயே அவருடைய சிரிப்பு நம்மை மகிழ்விப்பதோடு நில்லாமல், சுடவும் செய்கிறது.

1959இல் வெளிவந்த 'பாத்துமாவின் ஆடு' நாவலில், தங்கை வளர்க்கும் ஆடு பஷீரின் நூல்களையே மென்று தின்றுவிடுகிறது. எழுத்தாளனின் புகழ் ஓர் ஆட்டின் பசிக்கு முன் எம்மாத்திரம்! கலைஞனின் செருக்கை இதைவிட எளிமையாக எவர் அடக்கியிருக்க முடியும்?

தம்மைப் பார்த்துச் சிரித்தவருக்கே சமுதாயத்தைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை உண்டு. 'எங்க உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது' 1951இல் வெளிவந்த நாவல். அதில் வரும் தாய், தன் தந்தை கொம்பன் யானை வைத்திருந்த பெருமையை ஓயாது பேசுகிறாள். வழக்கில் சொத்தெல்லாம் போய்க் குடும்பம் சிறுவீட்டுக்குக் குடிபெயர்ந்த பின்னரும் அந்த யானை அவள் பேச்சைவிட்டு இறங்கவில்லை. மகள் குஞ்ஞுபாத்தும்மாவுக்கோ எழுதப் படிக்கத் தெரியாது. அண்டைவீட்டுப் பெண் ஆயிஷாவே அவளுக்கு எழுத்தறிவிக்கிறாள். இறுதியில் தெருச் சிறுவர்கள் அந்தக் கொம்பனைக் 'குழியானை' என்று கேலி செய்கின்றனர். மணலில் குழி பறித்து வாழும் சிறு பூச்சியன்றோ அது!

அந்தத் தாயை எண்ணி நாம் சிரிக்கிறோம். ஆனால் நம் மேடைகளில் நாம் பேசுவது என்ன? முன்னோர் ஓட்டிய மரக்கலங்களையும், கட்டிய மாளிகைகளையும், அளித்த கொடைகளையும் மணிக்கணக்கில் எடுத்துரைக்கிறோம். அவை பொய்யல்ல, போற்றத்தக்கனவே. எனினும், அந்தக் கூட்டம் முடிந்து வீடு திரும்பியதும், பள்ளியிறுதியோடு படிப்பு நிறுத்தப்பட்ட மகள் கதவைத் திறந்து விடுகிறாள் என்றால், நம் யானையும் குழியானைதான்.

முன்னோர் பெருமை முதலீடாக வேண்டும். முதலீட்டையே உண்டு வாழ்வோர்க்கு ஒருநாள் அதுவும் தீரும். பெரியோர்களே, உங்கள் யானைக் கதைகளைச் சொல்லுங்கள், நாங்கள் கேட்கிறோம். கூடவே, அவற்றைத் தாமே படித்தும் எழுதியும் பார்க்கும் கல்வியை நம் பெண்மக்களுக்கும் தாருங்கள். மாணவர்களே, பஷீரைப் படியுங்கள். பிறரைப் பார்த்து நகைப்பதற்கு முன் நம் வீட்டு முற்றத்து மணலைக் குனிந்து பார்க்க அவர் கற்றுத் தருவார்.